மெஷினுக்கு ஒரு பிரஷ்

எலக்ட்ரிக் பிரஷ் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் அதன் தலையைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். பார்த்தே தீர வேண்டும் என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். நான் இரண்டு விஷயத்திலும் கோட்டை விட்டவன். அடுக்களையில் இட்லி வெந்துகொண்டிருந்தது, கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது.

தலை என்று சொல்வது நார் வைத்த மேல்பகுதியை. பிடித்து மேலே இழுத்தால் லேசாக வந்துவிட வேண்டும். கைப்பிடியின் உச்சியில் ஒரு சின்ன எஃகுக் கம்பி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். என்னுடையது லேசாக வரவில்லை. திருகிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, கடைசியில் துண்டால் சுற்றிப் பிடித்து இழுத்ததில் 'ப்ளக்' என்று வந்தது. கம்பியின் அடியைச் சுற்றி மூன்று வட்டங்கள். வெளி வட்டம் காய்ந்துபோன பேஸ்ட், வெள்ளைப் பொருக்கு. அதற்குள்ளே இளஞ்சிவப்பில் ஒரு வழவழப்பு. அதற்கும் உள்ளே, கம்பியை ஒட்டி, மை தீட்டியதுபோல் சுத்தமான கறுப்பு. கழற்றிய தலையைக் கவிழ்த்தேன். சாம்பல் நிறத்தில் இரண்டு சொட்டு, அவசரமே இல்லாமல், வாஷ்பேசினில் விழுந்தது. வாசனை கல்யாண மண்டபத்தில் மறுநாள் காலை கை கழுவும் இடத்தில் வருமே, அதே வாசனை.

இதைத்தான் தினமும் வெள்ளனே எழுந்து வாயில் விட்டுக்கொண்டிருந்தேன். சும்மா விடவில்லை, பெருமையோடு விட்டேன். மதுரையில் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் எலக்ட்ரிக் பிரஷ்ஷைப் பற்றி நான் எடுத்த வகுப்புகள் பிரசித்தம். யார் தயிர்சாதத்தைத் திறந்தாலும் நான் காக்ரேன் ஆய்வைத் திறப்பேன். 2014-ல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் 56 சோதனைகளை அலசியிருக்கிறார்கள், ஐயாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்டவை. மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தினால், கையால் தேய்ப்பதைவிட மெஷினால் தேய்ப்பதில் பல்லில் படியும் அழுக்குப் படலம் 21 சதவீதமும், ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைகிறது என்பது முடிவு. இந்த இரண்டு எண்ணையும் நான் சொல்லாத நாள் கிடையாது. மெஷினின் மேல் படியும் படலம் எத்தனை சதவீதம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பிரஷ் வந்த கதையே ஒரு தோல்விதான். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சினன் லீவுக்கு வந்தபோது கொடுத்தது. அதற்கு முந்தின வருகையில் பாதாம், அதற்கும் முன்னால் டார்ச் லைட். இந்தத் தடவை அந்தஸ்து கூடியிருந்தது. அவன் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிய அன்று ராத்திரியே சார்ஜரைச் சொருகினேன். தட்டைக் காலோடு வந்திருந்த அந்த பிளக் நம் சாக்கெட்டுக்குள் போகவில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு அடாப்டர் வாங்கி வந்து போட்டேன். ஒரு 'டப்', கொஞ்சம் நாற்றம், அவ்வளவுதான். மறுநாள் வந்த எலக்ட்ரீசியன் தம்பி சார்ஜரைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார்.

"சார், நூத்திப் பத்துலருந்து நூத்தி முப்பது வோல்ட்டுன்னு போட்டிருக்கு. நம்ம வீட்ல வர்றது இருநூத்தி முப்பது. அடாப்டரு காலை மாத்தும் சார், கரண்டை மாத்தாது."

சமயநல்லூர்க்காரன் இதைக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. 2001-ல் 106 மெகாவாட் டீசல் மின் நிலையம் ஓடத் தொடங்கிய ஊர் இது. மின்சாரத்தைப் பற்றி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே பேசக்கூடிய ஊர். அதில் ஒருத்தன், ஓரிரண்டு வாட் இழுக்கிற ஒரு குட்டிச் சார்ஜரின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் புகைய விட்டிருக்கிறேன். பிரஷ்ஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்மூர் வோல்ட்டுக்கு வேறு சார்ஜர் வாங்கினேன். அந்தக் காசுக்கு எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் சாதா பிரஷ் வைத்து ஐந்தாறு வருஷம் பல் விளக்கியிருக்கலாம் என்று என் வீட்டுக்காரி கணக்குப் போட்டாள். கணக்கு சரிதான்.

அந்தச் சார்ஜர் ஒரு அதிசயம். பிரஷ்ஷின் அடியில் உலோக முள் எதுவும் வெளியே தெரியாது. சார்ஜருக்குள் ஒரு செப்புக்கம்பிச் சுருள், கைப்பிடிக்குள் இன்னொரு சுருள். கீழே இருக்கிற சுருளில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும், அது மேலே இருக்கிற சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். தொடாமலே சார்ஜ் ஏறும். ஈரக்கையோடு பிடிக்கிற சாமானுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆரம்பகால எலக்ட்ரிக் பிரஷ்ஷுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. 1954-ல் சுவிட்சர்லாந்தில் பிலிப்-கி வூக் என்ற டாக்டர் கண்டுபிடித்த 'பிராக்சோடென்ட்' சுவரிலிருந்து வயர் வழியாக நேராகக் கரண்ட் வாங்கி ஓடியது. கையை நன்றாக அசைக்க முடியாதவர்களுக்கும் பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் என்று யோசித்துச் செய்தது. வயர் இல்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பிரஷ்ஷை ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி 1961-ல்தான் கொண்டுவந்தது. இரு கையும் நன்றாக அசைகிற, பல்லில் கம்பி கட்டாத ஒரு ஆள் சமயநல்லூரில் உட்கார்ந்துகொண்டு இதை வைத்துப் பீற்றிக்கொள்வான் என்று வூக் நினைத்திருக்க மாட்டார்.

தண்ணீர் புகாத கைப்பிடி என்பதால் எனக்கு வந்தது தப்பான தைரியம். உள்ளே எதுவும் போகாது என்றால் வெளியே எதுவும் தங்காது என்று எப்படியோ நினைத்துவிட்டேன். பல் விளக்கி முடித்ததும் ஓடுகிற பிரஷ்ஷைக் குழாயடியில் ஒரு காட்டுக் காட்டுவேன். நார் சுத்தமாகிவிடும். ஈரம் சொட்டச் சொட்டச் சார்ஜரில் நட்டு வைத்துவிட்டுப் போய்விடுவேன். கழற்றுவது, துடைப்பது எல்லாம் பெட்டியில் இருந்த காகிதத்தில் படத்தோடு போட்டிருந்தது. அந்தக் காகிதத்தை மடித்து பீரோக் கால் ஆடாமல் இருக்க அண்டக்கொடுத்திருந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு யாரும் பல் விளக்குவதில்லை. நாற்பதைத் தாண்டியவன் தன் பிரஷ்ஷைத் தெளிவாகப் பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்தால் பெரிது. எனக்கு அது நடந்ததே, மெஷினின் சத்தம் மாறி முனக ஆரம்பித்ததால்தான். கண்ணாடியை எடுத்து மாட்டினேன். மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கறுப்பு எப்படி வந்தது என்று பிற்பாடு யோசித்தால், வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பேஸ்ட்டில் தேய்ப்பதற்குச் சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ இருக்கிறது; காய்ந்துபோகாமல் இருக்க சார்பிட்டால், கிளிசரின்; நுரைக்கு ஒரு சோப்பு; எல்லாம் பிரியாமல் இருக்க ஒரு பசை. பல் விளக்கும்போது பிரஷ்ஷின் வால் கீழே பார்த்தபடிதான் இருக்கும். நுரையும் எச்சிலும் கழுத்து வழியாக இறங்கி வரும். சாதா பிரஷ்ஷில் அது மணிக்கட்டு வரை வழிந்து, கை கழுவும்போது போய்விடும். மெஷினில் வழியிலேயே ஒரு இடுக்கு இருக்கிறது. தலை உள்ளே கூடானது, அதற்குள் அலசிய தண்ணீரும் தங்கும். நட்டக் குத்தலாக நிறுத்தி வைத்தால் எல்லாம் இறங்கி அந்த இணைப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஈரம், இருட்டு, இனிப்பான சாப்பாடு. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

இளஞ்சிவப்பு மட்டும் பூஞ்சை இல்லை. பாத்ரூம் வாளியின் விளிம்பிலும் மக்கின் அடியிலும் இழுவிக்கொண்டு வருமே, பெரும்பாலும் அதே கூட்டம்தான். செராஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா. சோப்பு மிச்சத்தையும் ஷாம்பு மிச்சத்தையும் தின்று வாழும். 1819-ல் இத்தாலியில் சோளக்களி திடீரென்று ரத்தச் சிவப்பாக மாற, ஜனங்கள் தெய்வக் குற்றம் என்று மிரண்டபோது, பார்த்தலோமியோ பிசியோ என்பவர் ஆராய்ந்து இந்த நுண்ணுயிரின் வேலை என்று காட்டினார். திடகாத்திரமாக இருப்பவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆஸ்பத்திரியில் தளர்ந்து கிடப்பவர்களுக்குத்தான் தொந்தரவு. இதை நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்கள்: "அப்ப இத்தன நாளு அதத்தான் வாயில போட்டுக்கிட்டு இருந்தியாய்யா?" இத்தாலியிலிருந்து ஒரே கேள்வியில் சமயநல்லூருக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வெள்ளைப் பொருக்கில் பாதி எங்கள் போர் தண்ணீரின் வேலை. வைகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறோம், தேனூர் தாண்டினால் ஆறு. ஆனாலும் பாறைக்கு அடியிலிருந்து மோட்டார் இழுத்துக்கொண்டு வருவது சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்த உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குழாய் வாய் வருஷத்துக்குள் அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு காய்ந்தால் ஒரு வெள்ளைப் புள்ளி. ஈரத்தோடு சார்ஜரில் நட்டு வைத்த பிரஷ் தினமும் சொட்டுகிறது, சொட்டு தினமும் காய்கிறது. சார்ஜரின் நடுக் குமிழைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கரையே கட்டியிருந்தது. பிரஷ்ஷை எடுத்தால் சார்ஜரும் கூடவே கிளம்பி வந்த நாள் உண்டு. காந்தத்தின் சக்தி என்று அப்போது நினைத்தேன்.

இனிமேல்தான் என் திறமை வெளிப்படுகிறது. துடைத்து வைத்தால் போதும் என்ற இடத்தில் நான் வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் வைத்தியம் வெந்நீர். கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றி பிரஷ் தலையை அதில் போட்டேன். பிரஷ் நாரெல்லாம் நைலான். 1938-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் நைலான் இழையில் பிரஷ் வரும்வரை பன்றி முடியைத்தான் நாராக வைத்திருந்தார்கள். நைலான் கொதிநீரில் உருகாது, உண்மைதான். ஆனால் விறைப்பை விட்டுவிடும். எடுத்துப் பார்த்தால் நார் நாலா பக்கமும் சாய்ந்து, எண்ணெய் வைக்காத தலையோடு நின்றது. கிருமி செத்திருக்கலாம். பிரஷ்ஷும் செத்துவிட்டது.

அடுத்த தலையை வினிகரில் போட்டேன். கோபி மஞ்சூரியனுக்கு வாங்கி வைத்திருந்த பாட்டில். சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம், பாடம் பொய்யில்லை. சார்ஜரின் கரையில் நாலு சொட்டு விட்டதும் பொடிப்பொடியாகக் குமிழி வந்து இளகிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் தலையை ராத்திரி முழுக்க ஊற வைத்தேன். காலையில் வினிகர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. தலைக்குள் ஒரு குட்டி உலோகத் துண்டு இருக்கிறது என்பதை அது துருப்பிடித்தபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வினிகர் மட்டும் போதாது, ஆப்பசோடாவும் சேர்க்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். சேர்த்தேன். நுரை பொங்கி டம்ளரைத் தாண்டி வாஷ்பேசின் வரை வந்தது. என்ன காட்சி! அழுக்கெல்லாம் அலறிக்கொண்டு ஓடுகிறது என்று வீட்டையே கூப்பிட்டுக் காட்டினேன். காலேஜில் படிக்கும் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஆசிடும் பேஸும் ஒண்ணையொண்ணு தீத்துக்கிச்சு. மிச்சம் சோடியம் அசிடேட்டும் தண்ணியும். நொரை வெறும் கார்பன் டையாக்சைடு. பிரஷ்ஷுக்கு ஒண்ணும் நடக்கல." பீஸ் கட்டிப் படிக்க வைத்ததற்குப் பலன் இப்படியும் வரும்.

புண் கழுவுகிற கிருமிநாசினியில் முக்கியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் விட்டதும் பால் போல் வெளுத்தது, பார்க்க நம்பிக்கையாக இருந்தது. எத்தனை அலசியும் வாசனை போகவில்லை. அன்றைக்குக் குடித்த காப்பி, தின்ற வடை, போட்ட வெற்றிலை எல்லாம் ஆஸ்பத்திரி. வாயில் வைக்கிற சாமானை அதில் முக்கவே கூடாது என்பதைப் பாட்டில் லேபிளே வேறு வார்த்தையில் சொல்கிறது. லேபிள் படிப்பதில் என் சரித்திரம் உங்களுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் சொல்வது ரொம்பச் சாதாரணம். குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசு, நிமிர்த்தி வைத்துக் காற்றாடக் காயவிடு, மூடிப் பெட்டிக்குள் வைக்காதே, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்று, நார் கலைந்தால் அதற்கு முன்பே மாற்று. மருந்தில் முக்கு என்று அதில் இல்லை. மெஷினாக இருந்தால் கூடுதலாக ஒரே வேலை: தலையைக் கழற்றி, தலையைத் தனியாக, கம்பியைத் தனியாக அலசி, துடைத்து வைப்பது. அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எனக்கு நேரம் இருந்தது.

எங்கே வைப்பது என்பது தனிக் கூத்து. எங்கள் பாத்ரூமும் கக்கூசும் ஒன்று. சார்ஜருக்கு பாத்ரூமில் இருந்த ஒரே பிளக் பாயின்ட் ஹீட்டருக்கு என்று போட்டது, அதற்கு நேர் கீழே கம்மோடு. 1975-லேயே சார்லஸ் ஜெர்பா என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஃப்ளஷ் அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் கிளம்பி அக்கம்பக்கத்தில் படியும் என்று காட்டிவிட்டார். மகள் இதைச் சொன்ன அன்றே பிரஷ்ஷுக்குப் பிளாஸ்டிக் மூடி வாங்கினேன். மூடிக்குள் ஈரம் காயவில்லை, வாசனை இரட்டிப்பானது. மூடியை எடுத்தேன். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து லைட்டைப் போட்டால், பிரஷ்ஷின் உச்சியில் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேஸ்ட் மிச்சம் என்றால் அதற்கு உயிர். மூடாதே என்று சொல்லும் அமெரிக்காக்காரர்கள் வைகைக் கரையோரத்துக் கரப்பானைப் பார்த்ததில்லை. என் கட்சி இதுதான்: முதலில் நன்றாகக் காய வேண்டும், பிறகு ராத்திரிக்கு ஓட்டை போட்ட மூடி. இதில் யாருடைய சங்கம் என்ன சொன்னாலும் மாற மாட்டேன்.

கடைசியில் அடுக்களை ஜன்னலுக்குக் குடிபெயர்த்தேன். வெயில் வரும், காற்று வரும், சுவிட்ச் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் பிரஷ், சார்ஜர், மூடி மூன்றும் ஹாலில் டிவி மேல் இருந்தன. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் எச்சில் பிரஷ் வைக்கிற குடும்பத்தில் தான் வாக்கப்படவில்லை என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். தகராறு ஒன்றும் இல்லை, தகவல் மட்டும்.

எங்கள் தலைமுறைக்கு முன்னால் இந்த வேலையே கிடையாது என்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சல் வருகிறது. வேப்பங்குச்சியை ஒடித்து, மென்று, தேய்த்து, இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்துவிட்டுத் தூர எறிந்தால் தீர்ந்தது. குச்சியை யாரும் கழுவியதில்லை. அப்பாவுக்கு கோபால் பல்பொடி, எங்கள் மதுரைச் சரக்கு. இடது உள்ளங்கையில் ரோஸ் நிறத்தில் ஒரு குவியல், வலது கை ஆள்காட்டி விரல். விளக்கி முடித்ததும் விரல் கையோடுதான் இருக்கும், கையைக் கழுவினால் அதுவும் சுத்தம். அம்மா இன்றைக்கும் அந்த விரல் கட்சிதான்.

இதைச் சொன்னதும் அந்தக் காலத்துப் பல்லே பல் என்று கிளம்பிவிட வேண்டாம். என் அப்பத்தா செங்கல் தூளும் அடுப்புக்கரியும் வைத்துத் தேய்த்தவர். கரகரவென்று தேய்க்கிற எதுவும் பல்லின் மேல் பூச்சையும் சேர்த்தே தேய்க்கும். கூடவே புகையிலை. நான் பார்க்கும்போதே அப்பத்தாவுக்கு முறுக்கை உரலில் இடித்துத்தான் கொடுத்தோம். பேரன் மெஷின் வைத்திருப்பது தப்பே இல்லை. மெஷின்தான் பாவம், இந்தப் பேரனிடம் வந்து மாட்டிக்கொண்டது.

காலைகளில் மெஷினோடு நான் பட்ட அவமானங்களையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, எதிர் வீட்டாரிடம் மழை நிலவரம் பேசி, பேப்பரைப் புரட்டி, மதுரையிலிருந்து வரும் வைகை எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனில் நிற்காமல் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கொப்பளிப்பதுதான் எங்கள் தெரு வழக்கம். நிமிடத்துக்கு 31,000 அசைவு என்று பெட்டியில் போட்டிருக்கும் பிரஷ்ஷை வாயில் ஓடவிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, பழக்கதோஷத்தில் "என்ன மாமா, மழை வருமா" என்று வாயைத் திறந்தேன். மாமாவின் வெள்ளைப் பனியனில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெறித்தது. "வந்துருச்சு மாப்ள" என்றார்.

கறுப்பு வளையத்துக்கு வருகிறேன். வைத்தியமெல்லாம் பார்த்தும் கம்பியின் அடியில் இருந்த கறுப்பு கிளம்பவில்லை. துணி அந்த இடுக்குக்குள் போகாது, குண்டூசியால் நோண்டினால் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் கிழிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதைத் தீக்குச்சியால் நோண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்த வீட்டுக்காரி, ஒன்றும் பேசாமல் அடுக்களை ஜன்னல் கம்பியில் சொருகியிருந்த பழைய பிரஷ்களில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். நம் வீடுகளில் பிரஷ் ரிட்டயர் ஆனால் வீட்டுக்குப் போவதில்லை, வேறு டிபார்ட்மென்ட்டுக்கு மாற்றலாகும். கேஸ் அடுப்பு பர்னர், சீப்பு இடுக்கு, தையல் மெஷின், தலைச்சாயம், கொலுசு என்று சாகும்வரை வேலை. அவள் உருவியது பர்னர் டிபார்ட்மென்ட். பாத்திரம் கழுவும் சோப்பில் தொட்டு, கம்பியைச் சுற்றி நாலு இழுப்பு, தலையின் அடித் துவாரத்துக்குள் நாலு குத்து, குழாயில் ஒரு அலசு. கறுப்பு போயே போய்விட்டது. துண்டில் ஒற்றி, தலையையும் கைப்பிடியையும் தனித்தனியாக ஜன்னலோரம் படுக்க வைத்தாள்.

"இதுக்கா இம்புட்டு நாளா வினிகரைக் காலி பண்ணீங்க?"

பல்லை விளக்க அமெரிக்காவிலிருந்து மெஷின். மெஷினை விளக்க பெட்டிக்கடையில் வாங்கிய பிரஷ். ஆபீசில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

இப்போது நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் வீட்டில் சிரிப்பார்கள். தினமும் கழற்ற வேண்டும் என்று முடிவெடுத்தேன், அது வாரம் ஒருமுறை ஆனது, பிறகு சத்தம் மாறும்போது என்று ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலையை மாற்றுவதும் அப்படித்தான். மாற்றுத் தலைகள் விற்கிற விலைக்கு, நார் சாய்ந்தால் நானே விரலால் நிமிர்த்திவிட்டு இன்னொரு மாதம் ஓட்டுகிறேன். சில தலைகளின் நார் நிறம் வெளுத்து, மாற்று என்று அதுவே சொல்லும். கண்ணாடி இல்லாமல் அது சொல்வது எனக்குக் கேட்பதில்லை.

கழித்த தலையை ஜன்னல் கம்பியில் சொருக முடியவில்லை, அதற்குப் பிடியே கிடையாது. எந்த டிபார்ட்மென்ட்டுக்கும் லாயக்கில்லை என்று வீட்டுக்காரி அதைக் குப்பையில் போடப் போனாள், பிறகு என்ன நினைத்தாளோ, மெஷினிலேயே மாட்டிப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தொட்டுத் தன் கொலுசில் ஓட விட்டாள். முத்துக்கு முத்து நடுவில் இருந்த வருஷக்கணக்கான கறுப்பு கரைந்து ஓடியது. அன்றிலிருந்து பழைய தலை ஒன்று கொலுசுக்கு என்று நிரந்தரம். ஒரு கைப்பிடியைப் பல பேர் வைத்துக்கொண்டால் அடையாளம் தெரிவதற்காகத் தலைகளின் கழுத்தில் நிற வளையம் போட்டுத் தருகிறார்கள். பச்சை எனக்கு, நீலம் கொலுசுக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

பாத்ரூம் பல்பு மஞ்சள் வெளிச்சம். போன வாரம் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து அவள் குரல் வந்தது. அத்தை மகள் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும், கொலுசைத் தேய்க்க உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏங்க, நீலத்த எங்கிட்டு வச்சீங்க? இங்கன பச்சதானே கெடக்கு?"

வாய் நிறைய நுரை. பேஸ்ட் அன்றைக்கு ஏன் இப்படிக் கசக்கிறது என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். மெஷின் தானாக நிற்க இன்னும் நாற்பது நொடி இருந்தது. நடுவில் நிறுத்தினால் விஷயம் வெளியே போய்விடும். நிற்கிறவரைக்கும் விளக்கினேன்.